மூடியும் மூடாமை: கடம்பூர்க் கணினி மையம் ஒன்றை முன்வைத்து உலாவி அடைப்பியல் – ஓர் ஆய்வு

பாயிரம்

எதை ஆராய்ந்தாலும் முதலில் களத்தின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும் என்பது நம் கல்விப்புலத்தின் எழுதாச் சட்டம். எனவே: கடம்பூருக்கு வடக்கே கோவில்பட்டி, வடகிழக்கே பாரதி பிறந்த எட்டயபுரம் (1882), கிழக்கே வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம் (1872). தெற்கே வாஞ்சி ஆஷைச் சுட்ட மணியாச்சி (1911). மேற்கே கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு (1799). இத்தனைக்கும் நடுவில் கிடப்பதால், கடம்பூரில் ஒரு குண்டூசியை ஆராய்ந்தால்கூட அதற்கு இருநூறு வருஷத் தொன்மை தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஊரின் சொந்தப் புகழ் போளி. அதைப் பற்றி மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ரயிலில் போய்வருவோர் வாய்மொழியாகவே போதுமான ஆய்வை நிகழ்த்திவிட்டார்கள். ஆகவே இக்கட்டுரை போளியைக் கடித்துக்கொண்டே வேறு பொருளுக்குள் நுழைகிறது.

பொருள் இது. கணினித் திரையின் வலது மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் உலாவி மூடிவிடுகிறதா? மூடிவிடுகிறது என்கிறார்கள் பொதுமக்கள். பொதுமக்கள் சொல்வது தவறு என்று காட்டுவதற்காகவே ஆய்வு என்று ஒன்று இருப்பதால், மூடவில்லை என்பது நமது கருதுகோள். முடிவும் அதுவே. கருதுகோளும் முடிவும் ஒத்துப்போகும்வரை தரவைத் தட்டிக் கொட்டி நிமிர்த்துவதற்குத்தான் நெறியாளர் என்று ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆய்வு எல்லை: ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு பிரௌசிங் சென்டர். ஜெராக்ஸ், லாமினேஷன், ரீசார்ஜ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அங்கே உண்டென்றாலும் அவை எல்லைக்கு வெளியே நிற்கின்றன. கணினிகள் நான்கு, ஓடுபவை மூன்று. முதன்மை ஆதாரங்கள்: கடைக்கார அண்ணாச்சி, வாசல் பெஞ்சு, ஷட்டர். துணைமை ஆதாரங்கள்: போளி கட்டிவந்த தாள்கள்.

மழை நின்ற பிறகும் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது கரிசல். மூடிய பிறகும் தரவைப் பிடித்து வைத்திருப்பது உலாவி என்று இந்த இடத்தில் ஓர் உவமையை வாசகர் எதிர்பார்ப்பார். வராது. இந்தப் பக்கத்தில் பேனா பிடித்த எல்லோரும் அந்த ஈரத்தைப் பிழிந்து பிழிந்து மண்ணே காய்ந்துவிட்டது.

இயல் 1: வரலாறு

வலைத்தளத்துக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த பக்கத்தைக் கேட்டால் ‘நீ யாரு?’ என்கிற முகத்தோடு கொடுக்கும். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் இணையத்தில் கடை போட விரும்பியது. ஆனால் யார் யார் கூடையில் என்னென்ன போட்டுவிட்டு வாங்காமல் நிற்கிறார்கள் என்ற கணக்கைத் தன் கணினியில் வைத்துக்கொள்ள அதற்கு மனமில்லை. அந்தக் கணக்கை வாங்குகிறவர் கணினியிலேயே ஒரு சிறு சீட்டாகப் போட்டு வைத்தால் என்ன என்று மொண்டுல்லி யோசித்தார். அதுதான் குக்கீ. கூடையைச் சுமக்கும் வேலை அன்று முதல் வாங்குகிறவர் தலையில்.

இதற்கான விதிமுறையை 1997-ல் முதலில் எழுதினார்கள். பிறகு அதைச் செப்பனிட்டு ஆர்.எஃப்.சி. 6265 என்ற எண்ணில் வெளியிட்டது 2011 ஏப்ரலில். காலாவதி நாள் குறிக்காத குக்கீ, அமர்வு முடிந்ததும் போய்விட வேண்டும் என்கிறது அது. அமர்வு எப்போது முடியும்? அதை உலாவி தானே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று நகர்ந்துவிடுகிறது. பொருள் விளங்காத இடத்தில் ‘வெளிப்படை’ என்று எழுதிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போகும் கலை நம் உரையாசிரியர்களோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

அதே 2011 ஏப்ரலில், 11-ஆம் தேதி, சைபர் கஃபேக்களுக்கான நெறிமுறை விதிகளை இந்திய அரசு அறிவித்தது. இரண்டு நாள் கழித்துத் தமிழகச் சட்டமன்றத் தேர்தல். ஒன்பது நாள் முன்பு மும்பையில் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். இவ்வளவும் ஒரே மாதத்தில் நிகழ்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்குகிறவர்களுக்கு முனைவர் பட்டம் கிடைக்காது. குக்கீ விதியும் கஃபே விதியும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கேள்வியைத் தொட்டன: ஆள் எழுந்து போன பிறகு அவரைப் பற்றி எதை, எத்தனை நாள் வைத்திருப்பது? முதலாவது நழுவிவிட்டது. இரண்டாவது, குறைந்தது ஓராண்டு என்றது. தேர்தலும் இறுதி ஆட்டமும் இக்கேள்விக்கு என்ன விடை தந்தன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு (பெஞ்சு, இடது ஓரம், மாலைப் பதிப்பு).

இயல் 2: மூடும் வகைகள்

பெருக்கல் குறி முறை. பெரும்பான்மை வழக்கு.

விசைப்பலகை முறை. ஆல்ட்டையும் எஃப் நான்கையும் சேர்த்து அழுத்துவது. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவர்கள், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் செய்வது.

மேல்தள்ளு முறை. கைபேசிக்கு உரியது. விரலால் மேலே தள்ளினால் செயலி மறைந்துவிடும். உள்ளே திறந்திருந்த தளத்துக்குத் தான் மூடப்படுகிறோம் என்ற செய்தியே பல வேளை போய்ச் சேராது. அதனால் மூடும் நொடியை நம்பிக் காத்திருக்காதே, பக்கம் கண்ணிலிருந்து மறையும் நொடியையே கடைசி நொடியாக எண்ணி எழுத வேண்டியதை எழுதி வைத்துவிடு என்று நிரல் எழுதுவோருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அப்பா வருகிறார் முறை. சாளரத்தைக் கீழே இறக்கிவிட்டு இயற்பியல் புத்தகத்தை எடுப்பது. இது மூடல் ஆகாது, விலக்கப்படுகிறது.

மின்வெட்டு முறை. இதுவே இந்த வட்டாரம் அடைப்பியலுக்கு அளித்த கொடை. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்சாரம் போன நேரமும் வந்த நேரமும் மக்களுக்கு மனப்பாடம். கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, இங்கே கடையில் மின்விசிறி நின்றுகிடந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்றாலை மின்சாரம் நேரே பக்கத்து ஊர்க் கடைக்கு வருவதில்லை என்று தெரிந்த ஒருவராவது வாசகரில் இருப்பார்.

மின்சாரம் போகும்போது உலாவிக்கு யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. விடைபெறும் சடங்கு எதற்கும் இடமில்லை. இதை எதிர்பார்த்துத்தான் பயர்பாக்ஸ், திறந்திருக்கும் டேப்களின் பட்டியலை ஏறத்தாழ 15 விநாடிக்கு ஒருமுறை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கிறது. பார்த்த பக்கங்கள், குக்கீகள் ஆகியவற்றைப் பெரும்பாலான உலாவிகள் எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தளத்தில் வைக்கின்றன. மாற்றத்தை முதலில் தனிக் கோப்பில் குறித்துவிட்டு, பிறகு சாவகாசமாக மூலக் கோப்பில் சேர்க்கும் முறையை 2010-ல் அதில் கொண்டுவந்தார்கள். பாதி எழுதும்போது மின்சாரம் போனாலும் மூலம் கெடாது. மூலம் கெடாமல் காக்க இவ்வளவு பாடுபட்டவர்கள் தமிழ்ப் பதிப்புலகிலும் அதிகம் பேர் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. மின்சாரம் திரும்ப வருகிறது. கணினி எழுகிறது. ‘முன்பு திறந்திருந்த பக்கங்களை மீட்கவா?’ என்று உலாவி கனிவோடு கேட்கிறது. கேட்கப்படுகிறவர், முன்பு உட்கார்ந்திருந்தவர் அல்லர். அவர் மின்சாரம் போனதுமே பாதிக் காசைக் கொடுத்துவிட்டுப் பேருந்தைப் பிடித்துவிட்டார். புதிதாக உட்கார்ந்தவர் ‘மீட்கவும்’ என்பதை அழுத்துகிறார், ஏனெனில் அது நீல நிறத்தில் இருக்கிறது. பழையவரின் அஞ்சல்பெட்டி விரிகிறது. அமர்வோடு அழிய வேண்டிய குக்கீயும் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது. அமர்வு முடியவில்லை என்று உலாவி தீர்மானித்துவிட்டது; தீர்மானிக்கும் உரிமை அதற்கு 2011-லேயே கொடுக்கப்பட்டிருந்தது. “ஆளு போயிட்டாரு, அமர்வு போகல” (அண்ணாச்சி, நேர்காணல், சில்லறை எண்ணும்போது).

இயல் 3: கேள்விப் பெட்டி

சில பக்கங்களை மூடப்போனால், ‘வெளியேறவா? மாற்றங்கள் சேமிக்கப்படாமல் போகலாம்’ என்று ஒரு பெட்டி குதிக்கும். ஒரு காலத்தில் இப்பெட்டிக்குள் என்ன எழுதுவது என்பதைத் தளங்களே முடிவு செய்யலாம். போகாதே, பரிசு விழுந்திருக்கிறது என்ற வகையில் ஏமாற்றுக்காரர்கள் அதில் காவியம் படைக்கத் தொடங்கவே, குரோம் 2016-ல் அந்த உரிமையைப் பறித்து எல்லோருக்கும் ஒரே வாசகம் என்று ஆக்கியது. பக்கத்தில் ஒரு சொடுக்காவது சொடுக்கியவருக்குத்தான் பெட்டி. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரைத் தடுக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. முறுக்குக் கடையிலும் இதே விதி நிலவுவதாகத் தெரிகிறது (போளித் தாள், மடிப்பு 2, எண்ணெய் படாத பகுதி).

இப்பெட்டியை வாசித்தவர் எவரும் இதுவரை நமக்கு அகப்படவில்லை.

இயல் 4: எஞ்சுவன

டேப்பை மூடினால் போய்விடும் தரவு உண்டு. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, போய்விட்டது.

மூடினாலும் போகாத தரவுப் பெட்டி இன்னொன்று, தளத்துக்கு ஏறத்தாழ 5 எம்.பி. அளவில். யாராவது துடைக்கும்வரை அது இருக்கும். சஃபாரி மட்டும் 2020 முதல், ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தியும் அந்தத் தளத்தைத் தொடவே இல்லையென்றால் துடைத்துவிடுகிறது. குக்கீக்கு 2022-ல் குரோம் ஓர் உச்சவரம்பு வைத்தது: 400 நாள். அதென்ன நானூறு? வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வருகிறவரும் நினைவில் நிற்க வேண்டும் என்று பதின்மூன்று மாதத்தை ஒட்டிய முழு எண்ணாகப் பார்த்து வைத்தார்களாம். கோயில் கொடைக்கு ஊருக்கு வந்து, வந்த கையோடு கடையில் ஏறி வீட்டு மின்கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர் அடுத்த கொடைக்கு வரும்போதும் குக்கீ காத்திருக்கும். கொடை தேதி தள்ளிப்போனால் என்ன செய்வது என்று குரோம் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

போகிற போக்கில் எறிவது என்று ஒன்றும் இருக்கிறது. பக்கத்தை மூடும் அந்தக் கணத்தில் 64 கே.பி.க்கு மிகாத ஒரு பொட்டலத்தைத் தளம் தன் தலைமையகத்துக்கு அனுப்பிவிடும்; பதிலுக்குக் காத்திருக்காது. நீங்கள் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எங்கே நிறுத்தினீர்கள் என்ற புறங்கூறல்தான் பெரும்பாலும் உள்ளே இருக்கும்.

பின்னணியில் உறங்குவன தனி இனம். ஒரு தளம் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று கேட்க, யாரோ ஒருவர் எப்போதோ ‘அனுமதி’ என்று அழுத்திவிட்டுப் போயிருப்பார். அந்தத் தளத்தின் வேலைக்காரன் ஒருவன் உலாவிக்குள்ளேயே படுத்துக்கொள்கிறான். டேப்பை மூடினாலும் அவன் எழுந்து வெளியே போகமாட்டான். செய்தி வந்தால் உலாவி அவனை உசுப்பிவிடும். எல்லாச் சாளரத்தையும் மூடிய பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று குரோமிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. இதன் விளைவாக இரண்டாம் கணினியின் வலது மூலையில் அன்றாடம் தங்க விலையும் மகர ராசி பலனும் முளைக்கின்றன. அனுமதி கொடுத்த மகர ராசிக்காரர் யார் என்பது தெரியவில்லை. கடைக்கு வருகிற எல்லோருக்கும் இப்போது மகர ராசி.

மறைநிலைச் சாளரம் பற்றி ஒரு வரி: அது மூடும்போது குக்கீயையும் வரலாற்றையும் துடைக்கும், இறக்கி வைத்த கோப்பைத் துடைக்காது, பக்கத்தில் நின்று பார்த்தவர் நினைவையும் துடைக்காது.

இயல் 5: அரை ஷட்டர்

இனி இவ்வாய்வின் இதயத்துக்கு வருவோம். பிற இயல்கள் இதற்குக் கட்டிய பந்தல்கால்கள்.

அண்ணாச்சி கடையை மூடும் நேரம் இரவு எட்டரை. ஆனால் கடை எட்டரைக்கு மூடுவதில்லை. எட்டரைக்கு மூடத் தொடங்குகிறது. இந்த வேறுபாட்டை உணராதவர் பயர்பாக்ஸை உணர முடியாது. பயர்பாக்ஸும் பெருக்கல் குறியை அழுத்தினால் மூடுவதில்லை, மூடத் தொடங்குகிறது. படிப்படியாக, கட்டம் கட்டமாக. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வேலை பார்க்கும் பகுதிகள் ‘நான் இன்னும் முடிக்கவில்லை’ என்று பெயர் கொடுத்து வைக்கலாம். பெயர் கொடுத்தவர் எல்லோரும் முடித்தால்தான் அடுத்த கட்டம்.

முதல் கட்டம்: அறிவிப்பு. உலாவி தன் பகுதிகளிடம், மூடலாமா, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறது. அண்ணாச்சி, “எல்லாரும் முடிச்சுக்கிடுங்கப்பா” என்கிறார். இருவரும் கேட்பது ஒன்றே. ஆட்சேபம் இருந்தால் உலாவி மூடலைக் கைவிடும், அண்ணாச்சி கைவிடமாட்டார்.

இரண்டாம் கட்டம்: ஷட்டர் நெஞ்சளவு. மூடுவது உறுதியாகிவிட்டது; உள்ளே இருப்பவர் முடிக்கலாம், புது வேலைக்கு இடமில்லை. வெளியே நிற்கும் நெட்டையானவர்கள் இக்கட்டத்தில் மனமுடைந்து திரும்பிவிடுகிறார்கள். குட்டையானவர்களுக்கு ஷட்டர் நெஞ்சளவில் இருப்பதே தெரிவதில்லை. நடந்து உள்ளே வந்துவிடுகிறார்கள். அடைப்பியலில் உயரம் வகிக்கும் பங்கு இதுவரை ஆராயப்படவில்லை. கஃபே விதி தடுப்புப் பலகையின் உயரத்தை நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்று வரையறுத்தது. ஷட்டரின் உயரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சட்டம் இயற்றியவர்கள் கடை மூடும் நேரத்தில் எந்தக் கடைக்கும் போனதில்லை என்று கொள்ளலாம்.

மூன்றாம் கட்டம்: ஷட்டர் இடுப்பளவு. உலாவி தன் வலைத்தொடர்பைத் துண்டிக்கிறது. அண்ணாச்சி மோடத்தை அணைக்கிறார். விண்ணப்பத்துக்குப் புகைப்படம் ஏற்றிக்கொண்டிருந்த பையனின் திரையில் வட்டம் சுற்றுவது நின்றுபோகிறது. படம் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும். அவன் படம் 51. இது உலகில் எந்த உலாவியின் குற்றமும் அன்று. இந்தக் கட்டத்தில்தான் குனிவோர் தோன்றுகின்றனர்:

“அண்ணாச்சி, ஒரே ஒரு பிரிண்ட்டு.”

“மூடியாச்சுலே. காலைல வா.”

“இன்னைக்குத்தான் அண்ணாச்சி கடைசித் தேதி.”

“கடைசித் தேதின்னு ஒண்ணு வச்சாத்தான் ஒங்களுக்கு இங்கன ஒரு கடை இருக்கதே தெரியுது.”

அவன் உள்ளே விடப்படுகிறான். எப்போதும் விடப்படுகிறான். ‘மூடியாச்சு’ என்பதன் பொருள் பற்றி இருவகை உரை உண்டு. மூடும் செயல் நிறைவெய்திற்று என்பது ஒரு சாரார் உரை. மூடவேண்டும் என்ற விருப்பம் நிறைவெய்திற்று என்பது மற்றொரு சாரார் உரை. பின்னதே சிறப்புடைத்து (பெஞ்சு, தொகுதி 2, சுவரோரம், கால் உடையுமுன் வந்த பதிப்பு. செங்கல் முட்டுக்கொடுத்த மறுபதிப்பில் இவ்வுரை இல்லை, பெஞ்சு சாய்ந்ததால் வழுக்கி விழுந்திருக்கலாம்).

நான்காம் கட்டம்: முழங்காலளவு. பயர்பாக்ஸில் இதுவே பயனருடைய கோப்புறையில் எதையும் எழுதுவதற்குக் கடைசி வாய்ப்பு. இதற்குப் பின் எழுத முடியாது. கடையில், அச்சுப்பொறி கடைசித் தாளைத் துப்பும் கட்டம். பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டா எடுக்க வந்த பெரியவர் ஒருவர் எப்போதும் இந்தக் கட்டத்தில் உள்ளே அகப்பட்டிருப்பார். அவர் அவசரப்படமாட்டார். சர்வே எண்ணைச் சட்டைப்பையில் தேடுவார், கிடைக்காது, இடுப்பு மடிப்பில் தேடுவார், கிடைக்கும், அது அவருடைய தம்பி நிலத்தினுடையதாக இருக்கும். அவர் பெயர் கொடுத்துவைத்திருக்கிறார். அவர் முடிக்காமல் கடை மூடாது.

இங்கேதான் பயர்பாக்ஸின் பேரறிவு வெளிப்படுகிறது. பெயர் கொடுத்த பகுதி ஒன்று முடிக்கவே முடிக்காமல் உட்கார்ந்துவிட்டால்? சாளரம் மறைந்திருக்கும், ஆனால் உள்ளே உயிர் ஓடிக்கொண்டிருக்கும், பயனரின் கோப்புறையைப் பூட்டியபடி. மறுபடி திறக்கப் போனால், ‘பயர்பாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் சொல்லவில்லை’ என்று வரும். மூடியதும் மூடவில்லை, திறந்ததும் திறக்கவில்லை. இந்த நிலை நேராதிருக்க, 60 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு பயர்பாக்ஸ் தன்னைத்தானே வேண்டுமென்றே நொறுக்கிக்கொள்கிறது. நொறுங்கும்போது யாரால் நொறுங்கினேன் என்று பெயரையும் எழுதி வைக்கிறது, மொசில்லாவில் இருப்பவர்கள் படித்துத் திருத்தட்டும் என்று.

அண்ணாச்சியும் ஒரு நிமிஷம்தான் பொறுப்பார். அந்த நிமிஷம் மேலே அவர் வீட்டில் ஓடும் சீரியலின் விளம்பர இடைவேளையால் அளக்கப்படுவது. ஆகவே சற்று நீளும். அது முடிந்ததும் மெயின் சுவிட்சில் கை போகும். எல்லாம் இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து பெரியவர் குரல்: “ஏய்யா, கரண்டு போயிட்டா?” மறுநாள் காலை முதல் வாடிக்கையாளரிடம், நேற்று யாரால் தாமதமாயிற்று என்பதை அண்ணாச்சி தந்தை பெயர், தெரு, வீட்டு அடையாளம் உட்படச் சொல்லிவிடுவார். மொசில்லாவின் அறிக்கையில் இவ்வளவு விவரம் இராது.

இக்கட்டம் குறித்த கல்வெட்டுச் சான்று ஒன்றும் கிட்டியுள்ளது (ஷட்டர், உட்புறம், கீழிருந்து ஆறாம் பட்டை, சுண்ணாம்புக்கட்டி எழுத்து. கிரீஸ் தடவியதில் மூலபாடம் சிதைந்தது. ‘கடைசி ஆள் பேன் அணைக்க’ என்பது பாடம். ‘கடைசி ஆளை அணைக்க’ எனப் பாடம் கொள்வாரும் உளர், அவர் கருத்து மெய்ப்பாட்டியலுக்குரியது, அடைப்பியலுக்கு அன்று).

இயல் 6: இறக்கி வைத்தவை

உலாவி மூடலாம், குக்கீ அழியலாம். தரவிறக்கக் கோப்புறை அழிவதில்லை. மூன்று கணினிகளிலும் அது ஊரின் ஆவணக்காப்பகமாக வளர்ந்து நிற்கிறது: சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஹால் டிக்கெட், ரேஷன் கார்டு, ஒரே பெயரில் அடைப்புக்குறிக்குள் எண் ஏறிக்கொண்டே போகும் பி.டி.எஃப்.கள். ஆதார் மட்டும் கடவுச்சொல்லோடு இறங்கும். அக்கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருஷமும். கடம்பூர் அளவிலான ஊரில் இவ்விரண்டும் யாருக்கும் ரகசியமல்ல.

இதே கணினியின் டி டிரைவில்தான் தமிழாய்வின் எதிர்காலமும் இருக்கிறது. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்வதும், கட்டமைப்பதும், துணைநூற்பட்டியலை அகரவரிசைப்படுத்துவதும், சில வேளை துணைநூல்களைத் தருவிப்பதும் இத்தகைய கடைகளே. வேலை முடிந்து ஆய்வாளர் போய்விடுகிறார்; கோப்பு போவதில்லை. அடுத்து வருபவர் அதைக் கண்டெடுக்கிறார். தேடு, மாற்று. ஒரு நாவலாசிரியர் பெயரை நீக்கி இன்னொருவர் பெயரை இட எடுக்கும் நேரம், கணினியின் வயதைப் பொறுத்தது. நான்காம் இயலில் இரண்டு இடங்களில் பழைய நாவலாசிரியரே நின்றுவிடுவதும் உண்டு. வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்பதில்லை, ஏனெனில் தேர்வாளரும் நான்காம் இயல்வரை வந்ததில்லை. 2010-ல் பல்கலைக்கழக மானியக்குழு ஆசிரியர்களின் கட்டுரைகளுக்குப் புள்ளிக் கணக்கு போடத் தொடங்கிய பின் இந்த டி டிரைவ்களின் மகசூல் கூடியது. பிறகு தரமான இதழ்கள் இவை என்று ஒரு பட்டியல் போட்டது. 2025-ல் அதையும் கைவிட்டது. இக்கட்டுரை அந்தப் பட்டியலில் இருந்த இதழ் எதற்கும் அனுப்பப்படவில்லை என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இயல் 7: பதிவேடு

அண்ணாச்சியின் மேசையில் நீளமான ஒரு பதிவேடு. 2011 விதி கேட்டபடி பெயர், முகவரி, அடையாள அட்டை, எந்தக் கணினி, எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே. வெளியேறிய நேரம் என்ற கட்டத்தை நிரப்புவது அண்ணாச்சி. ஆள் நாற்காலியை விட்டு எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிடுவார். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர் வெளியேறிவிட்டார்.

தளத்தைப் பொறுத்தவரை இல்லை. உலாவியை மூடியதும், நாற்காலியை விட்டு எழுந்ததும், காசு கொடுத்ததும், பேருந்து ஏறியதும் எங்கோ இருக்கும் அந்தத் தளத்துக்குத் தெரியாது. ‘லாக் அவுட்’ என்ற பொத்தானை அழுத்தினால்தான், இந்தக் கணினியில் கொடுத்த சீட்டு இனிச் செல்லாது என்று அது தன் பக்கத்தில் அடித்துவைக்கும். அழுத்தாவிட்டால் சீட்டு உயிரோடு கிடக்கும். அடுத்து உட்காருபவர் எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டிலும் திரையிலும் இரண்டு வெளியேற்றங்கள். ஒன்றை அண்ணாச்சி உங்களுக்காகச் செய்துவிடுவார், மற்றதை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஏழு இயல்கள் எழுதி வந்தடைந்த இடம் இதுதான். இதை முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்; சொல்லியிருந்தால் அது ஆய்வாக இராது.

பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்பிவிட்டு நேற்று மாலை மூன்றாம் கணினியிலிருந்து எழுந்துபோன தம்பி கவனத்துக்கு: பதிவேட்டின்படி நீங்கள் 7.40-க்குப் போய்விட்டீர்கள். உங்கள் மின்னஞ்சல் இன்னும் திறந்தே கிடக்கிறது. இன்றைக்கே வந்து லாக் அவுட் கொடுத்துவிட்டுப் போங்கள். ஷட்டர் எட்டரைக்கு இறங்கும். எட்டே முக்கால்வரை குனிந்து வரலாம்.